வீட்டு ஆள் மாதிரி

‘நீ எங்க வீட்டு ஆள் மாதிரி’ என்ற வாக்கியத்தைக் கேட்காத கூலிக்காரர் நம் சனத்தில் இருக்க மாட்டார். பண்ணையில் கேட்டிருக்கிறோம். தீப்பெட்டி ஆபீசில், ஜவுளிக்கடையில், டாக்டர் வீட்டு அடுப்படியில் கேட்டிருக்கிறோம். சொல்கிறவர் பாசத்தோடுதான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் மனசு குளிரத்தான் செய்கிறது. ‘மாதிரி’ என்ற ஒரு சொல் அதற்குள் உட்கார்ந்துகொண்டு என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் நின்று கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ‘மாதிரி’யைப் பற்றியது.

கேள்வியை இப்படி வைக்கலாம். கூலிக்கு உழைக்கிறவர் தன்னிடம் வேலை வாங்குகிறவருக்கு நன்றிக்கடன் பட்டவரா? ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு யாருடையது, உப்பளத்தில் கால் வெடித்தது யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பழமொழியில் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்த நாங்கள், செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்த மொழி எங்கள் மொழி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள். சோறு போட்டவனுக்கு உழைத்தவன் காட்ட வேண்டிய விசுவாசத்துக்கு நம் நீதி மரபில் பஞ்சமில்லை. உழைத்தவனுக்கு, உட்கார்ந்து தின்றவன் காட்ட வேண்டிய நன்றி என்று எடுத்தால் எத்தனை வரி தேறும்? உழவைப் போற்றும் அதிகாரம் இருக்கிறதே என்பீர்கள். அந்த ‘உழவர்’ யார்? ஏர் பிடித்தவரா, ஏரும் மாடும் ஆளும் வைத்திருந்தவரா? சொல் இரண்டு பேரையும் ஒரே போர்வைக்குள் மூடிக்கொள்கிறது. ‘குடும்பம்’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதான்.

காப்பிப் பொட்டலங்களில் இப்போது அந்தச் சொல் நிறைய வருகிறது. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வளர்க்கும் காப்பி, மலையில் எங்கள் குடும்பத் தோட்டம் என்று அச்சடித்து, தாத்தா, மகன், பேரன் செடிக்கு நடுவில் நிற்கிற படமும் போடுகிறார்கள். கம்பெனி எஸ்டேட் என்றால் வாங்குகிறவர் மனசில் வெள்ளைக்கார துரையும் லயமும் வந்து ஒரு உறுத்தல் இருக்கும். குடும்பத் தோட்டத்தில் அந்த உறுத்தல் இல்லை. சின்னது, சொந்தக் கை உழைப்பு, ஆகவே பாவமில்லாதது. அந்தப் படம் எடுத்த நேரத்தில் கீழே சரிவில் யார் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கவலை.

எனக்கு ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற சிமெண்ட் ஆலங்குளம். மில்லுக்கும் தீப்பெட்டிக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் போகிற சனம் நாங்கள். மேற்கே மலை தெரியும், அவ்வளவுதான். காப்பிச் செடியை நான் பார்த்தது சின்னம்மாவால். அவளைக் கட்டிக் கொடுத்தது வத்தலக்குண்டுப் பக்கம். அங்கிருந்து மலை ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலை ஊர்கள். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு எல்லாம் கலந்து நிற்கிற தோட்டங்கள். பெரிய கம்பெனிகளின் ராஜ்யம் அல்ல அது. பத்து ஏக்கர், ஏழு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று குடும்பங்களின் கையில் இருக்கிற பூமி. சின்னம்மா 22 வருஷமாக ஒரே தோட்டத்துக்குப் போகிறாள்.

காப்பி வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் ஒரு மழை விழுந்தால் பூக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை பழம் எடுப்பு. ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும் பச்சையும் இருக்கும், சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். பச்சையை உருவினால் ஏச்சு. பத்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். ஈரமான சரிவு, காலில் அட்டை, கையில் எறும்புக் கடி. சாயங்காலம் மூட்டையைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து எடை போட வேண்டும். அன்றைக்கே தோலுரிக்கா விட்டால் பழம் புளித்துவிடும், அதனால் எடை போடுகிற நேரத்தில் முதலாளி வீட்டில் எல்லாருக்கும் அவசரம். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் ஒரு கிலோ கொட்டை ஆகும். அந்த ஒரு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பது பழம் எடுத்தவளுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால்தான் தொந்தரவு.

2025 தையில் தெரிந்துவிட்டது. நியூயார்க் சந்தையில் அராபிகா விலை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போயிருந்த நேரம். மலை பஸ்ஸில் வியாபாரிகள் பேசிக்கொண்டு வந்ததைப் பெண்கள் கேட்டுவிட்டார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பது என்று பதினோரு பேர் பேசி வைத்துக்கொண்டு களத்தில் நின்றார்கள். முதலாளி வெளியே வரவில்லை. அவருடைய அம்மா வந்தார். எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மற்ற பத்துப் பேரைப் பார்க்கவில்லை. என் சின்னம்மாவை மட்டும் பார்த்துச் சொன்னார்: “ஏம்மா, ஒனக்கு ஆபரேசனுக்குக் குடுத்தப்ப நான் கணக்குப் பாத்தனா? நீ இப்ப ஒத்த ரூவாய்க்குக் கணக்குப் பாக்குறியே. ஒன்னய எங்க வீட்டு ஆளு மாதிரி நெனச்சேனே.” சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததும் பதினோரு பேரும் கலைந்தார்கள். மறுநாள் ஐம்பது பைசா கூட்டிக் கொடுத்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அந்த வீட்டில் பணம் கொடுத்தது உண்மை. அதைத் திருப்பிக் கேட்காததும் உண்மை. “அவுக நல்லவுகதேன். அன்னிக்கு அவுக இல்லேன்னா நான் இல்ல. அவுக மூஞ்சியப் பாத்து நான் எப்படிப் பேச?” என்கிறாள்.

இதை நம் தோழர்கள் சிலரிடம் சொன்னபோது, அடிமை மனோபாவம் என்று ஒரு வார்த்தையில் முடித்தார்கள். எனக்கு அந்தச் சுலபம் பிடிக்கவில்லை. உதவியை மறக்காமல் இருப்பது அடிமைக்குணம் அல்ல, மனுசக்குணம். சேரியில் ஒரு சாவு விழுந்தால் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நம் பெண்கள் இருபது வருஷம் ஞாபகம் வைத்துத் திருப்பிச் செய்வார்கள். அந்த ஞாபகத்தால்தான் நாம் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறோம். சின்னம்மாவின் நன்றியில் கோளாறு இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பணம் என்ன? தானமா, கடனா, கூலியா? தானம் என்றால் கொடுத்த அன்றைக்கே முடிந்தது, கூலி கேட்கிற அன்றைக்கு அதற்கு வாய் முளைக்கக் கூடாது. கடன் என்றால் ஒரு தொகை இருக்கும், அடைத்தால் தீரும். இது இரண்டும் இல்லை. தொகை எழுதாத கடன், எந்த மகசூலிலும் அடைபடாது. முதலாளியின் நல்ல மனசு என்பது பொய்யல்ல. ஆனால் அந்த நல்ல மனசு, பதினோரு பேருடைய கூலியை அடக்க, தேவைப்பட்ட நாளில் தேவைப்பட்ட மாதிரி பயன்பட்டது. அந்தப் பெரியம்மா திட்டம் போட்டுச் செய்தார் என்றும் நான் நினைக்கவில்லை. நிஜமாகவே மனசு நொந்துதான் சொல்லியிருப்பார். அதுதான் இதில் பயங்கரம்.

நம் சனம் காப்பிக்குப் போன வரலாறு இதற்கு முன்னால் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. 1838க்குள் அங்கே அடிமைகள் முழுசாக விடுதலையானார்கள். அங்கே காப்பி விழ, இலங்கை மலையில் காப்பி எழுந்தது. கருப்பு மனிதன் விட்டுப்போன வேலையைச் செய்ய மதுரை, திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து தமிழ்க் கூலி நடந்தே போனான். போனவர்களில் பெரும்பகுதி நம் சாதிகள். 1869இல் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் கூலி அதே கூலி. கூட்டிப்போனது யார்? கங்காணி. ஊர்க்காரர், சில்லறைக் கங்காணி என்றால் சொந்தக்காரராகவே இருப்பார். அப்பச்சி, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே அவருக்குக் கடன்பட்டார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ‘துண்டு’ எழுதித் தர வேண்டும்: இந்த ஆட்களின் பேரில் இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன் என்று. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. கொடுமைதான். ஆனாலும் துண்டில் ஒரு தொகை எழுதியிருந்தது. என் சின்னம்மாவின் துண்டில் தொகையே இல்லை.

உறவு பேசி வேலை வாங்குவது தமிழனின் கண்டுபிடிப்பும் அல்ல. இன்றைக்கு ஹைட்டி என்கிற நாடு பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோது உலகக் காப்பியில் ஏறக்குறைய பாதி அங்கே விளைந்தது, அவ்வளவும் அடிமை உழைப்பு. 1791இல் அடிமைகள் எழுந்து எசமான்களை விரட்டினார்கள். அவர்களின் தலைவர் தூசான் லூவர்த்தூர் தானே அடிமையாகப் பிறந்தவர். 1801இல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு தோட்டமும் ஒரு குடும்பம், நிலத்துக்காரரே அந்தக் குடும்பத்தின் தகப்பன் என்று அதில் எழுதியிருக்கிறது. விடுதலையான சனம் தோட்டத்தை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக, குடும்பம் என்ற கயிறு. சனம் கேட்கவில்லை. பெரிய தோட்டத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு துண்டு மலையில் குடிசை போட்டு, சோற்றுக்குக் கிழங்கும் காசுக்குக் காப்பியும் நட்டுக்கொண்டார்கள். அதுவும் குடும்பத் தோட்டம்தான். ஒரே சொல், ஒன்றில் தப்பி ஓடியவனைக் கட்டிவைக்கிறது, இன்னொன்றில் ஓடிப்போனவனுக்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் தூசானின் சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் உழைக்கிறவன் குடும்பத்தில் ஒருவன், ஆகவே விளைச்சல் வருமானத்தில் அவனுக்குப் பங்கு உண்டு என்றும் அடுத்தபடியே எழுதியிருந்தது. பிள்ளை என்று சொன்னால் பாகமும் சொல்லியாக வேண்டும் என்ற யோக்கியதை அந்தக் கயிற்றிலும் இருந்தது. நம் மலையில் பாகம் எங்கே? அண்ணன் தம்பி பிரிந்தால் காப்பிக்காடு ரெண்டாகிறது, மூன்றாகிறது. பெற்ற மகளுக்கே பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். (இந்தக் குடும்பங்களின் மருமகள்கள் களத்தில் காய்கிற காப்பியை விடியவிடியக் கிளறுவதற்கும் கூலி இல்லை, அது தனிக் கதை.) வீட்டு ஆள் மாதிரி இருக்கிறவளுக்கு எந்தப் பாகப் பத்திரத்திலும் பெயர் இல்லை. நடுவீட்டுக்குள் போனதில்லை. பத்து மணிக்குக் காப்பி உண்டு, கொல்லை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளரில். தான் எடுத்த பழத்தின் காப்பி. தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். காப்பி விளைகிற இடத்திலேயே குவளை ரெண்டாக இருப்பதை எழுதவில்லை. ‘மாதிரி’ என்ற சொல் இருக்கிற இடம் அந்த மாடம்தான்.

சட்டம் என்ன செய்தது? 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருப்பு, குடிதண்ணீர், கழிப்பறை, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் எல்லாம் முதலாளியின் கடமை என்றது. 1981 திருத்தத்துக்குப் பிறகு அது 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டத்துக்கு. அதாவது 12 ஏக்கர் சொச்சம். அதற்குக் கீழே சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. 2020இல் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுச் செய்த தொகுப்புச் சட்டமும் அந்த 5 ஹெக்டேர் கோட்டை அழிக்கவில்லை. இந்தியாவில் காப்பி நிலம் வைத்திருப்பவர்களில் 100க்கு 98க்கு மேல் 10 ஹெக்டேருக்குக் கீழே உள்ளவர்கள் என்கிறது காப்பி வாரியக் கணக்கு. அதிலும் மிகச் சிறியவர்களே அதிகம். இன்னொரு பக்கம், 1961இன் தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. பெரியவனை உச்சவரம்பு தொடாது, சின்னவனைத் தொழிலாளர் சட்டம் தொடாது.

இப்போது அந்த ஆபரேசன் பணத்தைத் திரும்பப் பாருங்கள். பெரிய எஸ்டேட்டில் மருத்துவம் என்பது சட்டப்படி கொடுக்க வேண்டியது, கொடுக்காவிட்டால் கேட்கலாம், கொடி பிடிக்கலாம். சின்னத் தோட்டத்தில் அதுவே கருணை. பெற்றவள் ஆயுசுக்கும் தலைகுனிய வேண்டும். பெரிய எஸ்டேட் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மாஞ்சோலைக் கூலிக்காக ஊர்வலம் போய் 1999 ஜூலை 23இல் தாமிரபரணிக்குள் 17 உயிர் போனதை மறந்துவிட்டு யாரும் அப்படி எழுத முடியாது. ஆனால் அங்கே கேட்டது கூலி. யாரும் அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, தடியால்தான் அடித்தார்கள். குடும்பத் தோட்டத்தில் தடி தேவைப்படவில்லை.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் டி. கல்லுப்பட்டி இருக்கிறது. காந்தியப் பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். அவர் தலைமையில் காங்கிரஸ் போட்ட விவசாயச் சீர்திருத்தக் குழு 1949இல் அறிக்கை கொடுத்தது. சொந்த சாகுபடி என்று ஒருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அவர் குறைந்தபட்சமாவது உடம்பால் உழைத்து வேளாண்மையில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. நல்ல வரையறை. பிறகு மாநிலங்கள் செய்த நிலச் சட்டங்கள் பலவற்றில் அது கரைந்து, மேற்பார்வை பார்த்தாலே சொந்த சாகுபடி என்றாகிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவர் உழவரானார். குமரப்பா சொன்னபடி அளந்தால், பொட்டலத்துப் படத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

அம்பேத்கர் இந்த வழியிலேயே போகவில்லை. 1947இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில், நிலம் அரசுடையதாக வேண்டும், ஊர்க் குடும்பங்கள் சாதி பார்க்காமல் கூட்டாகப் பயிர் செய்ய வேண்டும் என்றார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்ப்பதும் குத்தகைச் சட்டமும் தீண்டப்படாதவருக்கு ஆகாது, அவர்கள் வெறும் கூலிகளாகவே மிஞ்சுவார்கள் என்பது அவர் கவலை. அவர் குடும்பத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பங்கள் இருக்கும், தகப்பன் இருக்கமாட்டான். சிறு உடைமை என்றாலே நல்ல உடைமை என்று நம்மில் பலரும், இடதுசாரித் தோழர்களும்கூட, நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய பண்ணையாரைவிட நாலு ஏக்கர்க்காரன் அரிவாளை எடுக்கத் துணிந்தவன்.

சிறு தோட்டக்காரரின் பாடு தெரியாமல் எழுதுகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். தெரியும். 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்தது. 1996இல் காப்பி வாரியம் மொத்தமாக வாங்கி விற்கிற ஏற்பாடும் முடிந்தது. 2001, 2002இல் பழம் எடுக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாமல் போனது. தண்டுதுளைப்பான் வந்தால் செடியோடு பிடுங்கி எரிக்க வேண்டும். எல்லாம் நிஜம். ஆனால் விலை விழுந்த வருஷங்களில் ‘நம்ம தோட்டம்மா, பொறுத்துக்கங்க’ என்று சின்னம்மாவுக்குப் பாதி நாள் வேலைதான் கிடைத்தது. நஷ்டத்தில் அவள் குடும்பத்து ஆள். விலை ஏறிய வருஷம் ஐம்பது பைசா.

இதோடு நிறுத்தினால் நமக்கு வசதி. நிறுத்த முடியவில்லை. சின்னம்மா ஊரில் நம் சனத்தில் ஒருவர் மேலே 2 ஏக்கர் காப்பிக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நமக்கெல்லாம் அது பெருமைதான். அவரிடம் வேலை செய்வது ஒரு பளியர் குடும்பம். அந்த மலை யாருடையது என்று முறையாகக் கேட்டால் அவர்கள் பெயரைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவில் அட்டவணைப் பகுதி என்று அறிவித்து, பழங்குடி நிலம் வெளியாளுக்குப் போகக் கூடாது என்று 1970இல் சட்டத்தை இறுக்கினார்கள். அதனால்தான் அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசிக் குடும்பங்கள் ஏக்கர், ரெண்டு ஏக்கர் என்று காப்பியைச் சொந்தமாக வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு மலைகளில் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. பளியர் தன் மலையில் கூலி. நம் குத்தகைக்காரர் அவர்களுக்குக் கொடுப்பது மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. கேட்டேன். “பாவப்பட்ட சனம் தம்பி, நம்ம வீட்டு ஆளுக மாதிரி வச்சிருக்கேன்” என்றார். அவர் குரலில் பொய் இல்லை.

இதை எழுதினால் நிலம் கேட்கிற நம் கை பலவீனப்படும் என்று நண்பர்கள் தடுத்தார்கள். 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார்கள். அந்தக் கோரிக்கைக்கு யாருடைய நன்னடத்தைச் சான்றிதழும் தேவையில்லை. நிலம் வைத்திருக்கிற எந்த ஆதிக்கசாதிக்காரனிடமும் நீ நல்லவனாக இருப்பாயா என்று கேட்டுப் பட்டா கொடுக்கவில்லை. நிலம் நமக்கு வேண்டும். வந்த பிறகு அதில் குனிந்து நிற்கப் போகிறவர் யார் என்பதை நிலம் வருவதற்கு முன்பே நமக்குள் பேசாவிட்டால், தூசானின் சட்டத்தை நாமும் எழுதுவோம், பங்கைக்கூட எழுதாமல்.

சின்னம்மாவும் அந்தப் பத்துப் பேரும் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். அன்றன்றைக்கு எடுத்த கிலோவை ஒருத்தியின் பேத்தி எழுதிவைக்கிறாள். அடுத்த பழம் எடுப்புக்கு முன்னால், கார்த்திகை பிறக்கும்போதே, எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே கூலி பேசுவது என்று கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதுக்குப் பளியர் பெண்களையும் கூப்பிட வேண்டும் என்கிறாள் சின்னம்மா. நம் குத்தகைக்காரர் அது அவசியமில்லை என்கிறார், அவர்கள் கேட்டு வரவில்லையே என்கிறார். ஆபரேசன் பணத்தை மாசம் இவ்வளவு என்று கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்றும் சின்னம்மா யோசிக்கிறாள். பெரியம்மா மனசு கஷ்டப்படுமே என்று இன்னும் கேட்கவில்லை.